பாதி எழுதிய சில்லு

எங்கள் வீட்டுக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம். வாசல் சுவரில் மீட்டர் பெட்டிக்குக் கீழே ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும். ஒரு ஃபேஸில் வோல்ட்டேஜ் குறைந்து விளக்கு மங்கினால், குமிழைத் திருகி அடுத்த ஃபேஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். திருகுகிற அந்த ஒரு நொடி வீடு முழுக்க அணைந்து, பிறகு எரியும். இந்தக் குமிழ் என் மாமனாரின் தனி ராஜ்யம். தாலுகா ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிச்சம் இருந்த ஒரே அதிகாரம் அதுதான் என்று அத்தை கேலி செய்வாள். விளக்கு கொஞ்சம் கண்ணை மூடினால் போதும், மாமா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவார். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இப்படி இருந்தார்கள்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். கணவர் தூத்துக்குடியில் வேலை பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். நான் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜெக்ட், கல்யாணப் பத்திரிகை, கோர்ட்டு மனு என்று கிடைத்ததையெல்லாம் டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்ப்யூட்டர் என் கழுத்தில் கிடந்த சங்கிலி. அப்பா போட்ட தாலிச் சங்கிலியை விற்றுத்தான் அதை வாங்கினேன். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டேன். கணவர் சரியென்றார், மாமாவும் சரியென்றார். அத்தை மட்டும் ஒப்பவே இல்லை.

“கழுத்துல கிடந்தத வித்து பெட்டி வாங்குனவ இந்த ஊர்லயே நீ ஒருத்திதான். அது கெட்டுப்போற அன்னைக்கு இந்த வேலையும் முடிஞ்சுது, சொல்லிட்டேன். பேசாம பி.எட். படிச்சிட்டு வாத்தியார் வேலைக்குப் போ” என்றாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான். விசேஷ வீடுகளில் சொந்தக்காரிகள் என் கழுத்தைப் பார்த்துவிட்டு அத்தையைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு வந்தவள் அவள்தான். அது எனக்கும் தெரியும். தெரிந்தாலும், யாராவது என்னை ‘வாத்தியார் வேலைக்குப் போ’ என்றால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும். இன்றைக்கும் அப்படித்தான்.

ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு தனியார் பள்ளி, வருஷம் முழுக்க வினாத்தாள் அடிக்கும் வேலையை எனக்குத் தருவதாக இருந்தது. அதன் தாளாளர் பேப்பரில் படித்திருந்தார், இரண்டாயிரம் பிறந்ததும் பழைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி தெரியாமல் திணறிப்போகும் என்று. “உங்க மிஷின் தாங்குமாம்மா? தாங்கும்னா வாங்க” என்றார். வீட்டுக்கு வந்து தேதியை டிசம்பர் கடைசிக்கு மாற்றிவைத்துப் பார்த்தேன். நள்ளிரவு தாண்டியதும் அது சாவகாசமாக 1980 என்று காட்டியது. அவர் பயந்ததில் நியாயம் இருந்தது.

இதற்கு மருந்து, பயாஸை மாற்றி எழுதுவது. மதர்போர்டில் கால்கள் முளைத்த ஒரு கறுப்புச் சில்லு செருகியிருக்கும். சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் முதலில் படிப்பது அதில் எழுதியிருப்பதைத்தான். தனக்கு என்னென்ன உறுப்பு இருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதைப் படித்துத்தான் அது தெரிந்துகொள்ளும். அந்த எழுத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதலாம். ஆனால் அழித்த பிறகு, எழுதி முடிப்பதற்குள் கரண்ட் போனால் கதை முடிந்தது. சில்லில் பாதி எழுத்துதான் இருக்கும். அப்புறம் சுவிட்சைப் போட்டால் கம்ப்யூட்டருக்குத் தான் யாரென்றே தெரியாது. திரும்ப எழுதலாம் என்றால், எழுதுவதற்கும் அது முதலில் விழிக்க வேண்டுமே.

எனக்கு அதை விற்ற ஜங்ஷன் கடைக்காரர் புதிய பயாஸை ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தார், அதோடு கையையும் கழுவிவிட்டார். “நான் தொடமாட்டேன் மேடம். யுபிஎஸ் இருந்தாலே நம்பமாட்டேன். நீங்க பாத்து செஞ்சிக்கிடுங்க” என்றார். என்னிடம் யுபிஎஸ் கிடையாது. ஒரு ஸ்டெபிலைசர் மட்டும் இருந்தது. வோல்ட்டேஜ் ஏறி இறங்கும்போது டக் டக்கென்று சத்தம் போடும்.

அன்று மின்தடை இல்லை என்று மின்வாரிய ஆபீஸில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். எங்கள் தெருவில் ஆற்றுத் தண்ணீர் குழாயில் விடியற்காலையில்தான் வரும். வந்ததும் வீட்டுக்கு வீடு மோட்டாரைப் போட்டு உறிஞ்சுவார்கள், தெரு முழுக்க விளக்கு மங்கும். அது முடிந்த பிறகு, முற்பகலில் செய்வதென்று வைத்துக்கொண்டேன். அன்று காலை தண்ணீர் வரவில்லை. எங்கோ குழாய் உடைப்பு, இனி நாளைக்குத்தான் என்றார்கள். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.

அத்தையிடம் போய் நின்றேன். “அத்தே, கொஞ்ச நேரத்துக்கு மிக்சி, இஸ்திரிப் பெட்டி, மோட்டாரு எதையும் போடாதீங்க. போட்டா பெட்டி செத்துரும்.”

“சாகுற சாமானைத்தான் வித்து வாங்குனியாக்கும்” என்றாள். பிறகு, “போ, போடல” என்றாள்.

மாமாவிடம் தனியாக எதுவும் சொல்லவில்லை. அவர் என் கட்சி. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஃபிளாப்பியைப் போட்டேன். ‘மின்சாரத்தை நிறுத்தாதே’ என்று திரை ஆங்கிலத்தில் எச்சரித்தது. எழுதட்டுமா என்று கேட்டது. ஒய் என்ற எழுத்தைத் தட்டினேன். பழையது அழிந்தது. புதியது எழுதப்படும் அளவைக் காட்ட, வெள்ளைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடமிருந்து வலமாக வரத் தொடங்கின.

அப்போது தெருக்கோடியிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. “தண்ணி வந்துட்டு! ஏளா, தண்ணி வந்துட்டு!”

முதல் மோட்டார் எதிர்வீட்டில் உறுமியது. அடுத்தது பக்கத்து வீட்டில். எங்கள் மோட்டார் உறுமப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். உறுமவில்லை. அதற்குப் பதில் கொல்லையில் கைப்பம்பின் கிறீச் சத்தம் கேட்டது. மோட்டாரைத் தொடாமல் அத்தை அடித்து இறைத்துக்கொண்டிருந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன்.

விளக்கு மங்கியது. மின்விசிறி தளர்ந்தது. ஸ்டெபிலைசர் டக்கென்றது. திரை ஒருமுறை சுருங்கி விரிந்தது, ஆனால் அணையவில்லை. கட்டங்கள் வந்துகொண்டேயிருந்தன. பாதியைத் தாண்டிவிட்டது. தாங்கிவிடும், தாங்கிவிடும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

அது எதற்கான சத்தம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. “மாமா, வேண்டாம்” என்று கத்த வாயைத் திறந்தேன். குரல் வருவதற்குள் குமிழ் திருகும் சத்தம் வந்துவிட்டது. வீடு ஒருமுறை அணைந்து, பளிச்சென்று எரிந்தது. மின்விசிறி புதுவேகத்தோடு சுற்றியது. திரை மட்டும் கறுப்பாக நின்றது.

சுவிட்சை அணைத்துப் போட்டேன். உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது, பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் விழித்ததும் அது எழுப்பும் அந்த ஒற்றை பீப் வரவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். வரவேயில்லை.

மாமா சிரித்த முகத்தோடு எட்டிப் பார்த்தார். “வோல்ட்டேஜ் சுத்தமா இறங்கிட்டும்மா. நீ ஏதோ முக்கியமான வேலையா இருக்கியேன்னு ஃபேஸ மாத்திவிட்டேன். இப்ப நல்லா இருக்கா?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மானிட்டரைத் தூக்கி வாசலில் எறிந்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அத்தை இடுப்பில் குடத்தோடு, முந்தானையெல்லாம் நனைந்து உள்ளே வந்தாள். கறுத்த திரையைப் பார்த்தாள்.

“என்னளா ஆச்சு?”

“தெரு மோட்டாரு எல்லாம் ஒண்ணாப் போட்டதுல வோல்ட்டேஜ் இறங்கிட்டு அத்தே.”

“செத்துட்டா?”

“பாக்கேன்” என்றேன். அவள் என் மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள். குடத்தோடு அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பெட்டியை ஒரு போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். மாமா தானும் வருவேன் என்று ஏறிக்கொண்டார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஜங்ஷன் கடைக்குப் போனோம். கடைக்காரர் போட்டுப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

“மெட்ராஸுக்கு அனுப்பணும். வந்தா வரும். இந்த போர்டு இப்ப வாரதில்ல, இதுக்குச் சில்லு கிடைக்கது கஷ்டம். அது சரி, இன்னைக்குக் கரண்டே போகலியே மேடம். நடுவுல யாரும் சுவிட்சத் தொட்டியளா?”

“தெருவுல மோட்டாரு போட்டாங்க” என்றேன் அவசரமாக.

“மோட்டாருக்கு இப்படி ஆகாதே. ஒரு நொடி சுத்தமா அணைஞ்சாத்தான் இப்படி ஆகும்.”

மாமா கடை வாசலில் ஓடும் பஸ்ஸைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டார். அவர் காது சிவந்துவிட்டது.

ஒரு கணினிப் பத்திரிகையின் வாசகர் பகுதியில் படித்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. விழிக்கிறபோது மட்டும்தான் கம்ப்யூட்டருக்கு அந்தச் சில்லு தேவை. விழித்த பிறகு, படித்ததையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளும். அதே ஜாதி போர்டு வேறொன்று கிடைத்தால், அதை விழிக்கவைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சில்லைக் கழற்றிவிட்டு, செத்த சில்லை அந்த இடத்தில் செருகி எழுதலாம். கரண்ட் ஓடும் போர்டில் கைவைக்கும் வேலை. கால் மாறிச் செருகினாலோ, கை நடுங்கி எங்காவது இடித்தாலோ நல்ல போர்டும் சேர்ந்து போகும்.

“இதே போர்டு வேற யாருக்கு வித்திய?” என்று கேட்டேன்.

“மேலப்பாளையத்துல கைலிக் கடை வச்சிருக்க பாய் வீட்டுக்கு ஒண்ணு. ஆனா எவன் மேடம் குடுப்பான்?” என்றார்.

அந்தப் பாய் கடையில்தான் மாமா பல வருஷமாக வேட்டி எடுக்கிறார். மாமா திரும்பினார். “வாம்மா, போவோம்” என்றார்.

ஆட்டோ திரும்பவும் பாலத்தில் ஏறியதும், ஆற்றைப் பார்த்தபடியே கேட்டார். “ஏம்மா, நான் ஃபேஸ் மாத்துனதுதானா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கோபம் இன்னும் ஆறவில்லை எனக்கு. “ஆமா மாமா” என்றேன்.

பாய் எங்களை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்தார். மாமா சுற்றி வளைக்கவில்லை. “வே, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். எம்மருமவ பொழப்பு அதுல போயிட்டு. உம்ம வீட்டு மிஷினக் கொஞ்ச நேரம் தரணும். அதுவும் கெட்டாலும் கெடும். கெட்டா என் பென்ஷன்ல புதுசு வாங்கித் தாரேன்.”

பாய் தாடியைத் தடவினார். “என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதிய. அது என் மிஷினா? மருமவ மிஷின்லா. அவட்டத்தான் கேக்கணும்.”

அவர் மருமகள் கதவு மறைவிலிருந்து வெளியே வந்தாள். என் வயதுதான் இருக்கும். கணவன் துபாயில். வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் அவன் கடிதம் வரும். அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் அவள்தான் டைப் செய்து அனுப்புவாள். நான் செய்யப்போவதை விளக்கினேன். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“தப்பிப் போச்சுன்னா?”

“ரெண்டும் செத்துரும்” என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

அவள் என் கழுத்தைப் பார்த்தாள். “சங்கிலிய வித்தா வாங்குனிய?” என்றாள். தலையாட்டினேன். தன் பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “சரி. ஆனா என் மிஷின்ல இருந்து நான்தான் கழத்துவேன். செத்தா என் கையாலயே சாகட்டும். உங்களச் சொல்லிக் குத்தம் வேண்டாம்.”

அவள் மாமியார் பீடி சுற்றுகிறவர். அவர் முறத்திலிருந்து பீடி கட்டும் நூலை எடுத்து, பல இழையாக முறுக்கிக் கயிறாக்கினாள். அவள் பெட்டியை அணைத்து, சில்லை ஒருமுறை நெம்பித் தளர்த்தி, அடியில் இரண்டு பக்கமும் நூலைக் கொடுத்தோம். இரண்டு நூலையும் பிடித்து நேராகத் தூக்கினால் கை போர்டில் படாமல் வந்துவிடும். பிறகு சுவிட்சைப் போட்டாள். பீப் என்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது, என் பெட்டி அப்படித்தானே சொல்லும்.

“பாய், மீட்டர் பெட்டி எங்கன இருக்கு?” என்று மாமா கேட்டார். பாய் காட்டினார். மாமா அங்கே போய், சுவரை முதுகால் மறைத்தபடி, இரண்டு கையையும் அக்குளில் திணித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து ஒரு குரல், “மிக்சி போடட்டா?” என்று கேட்டது. “ஏளா, சும்மா இரி!” என்று பாய் போட்ட சத்தத்தில் நாங்கள் இருவரும் துள்ளிவிட்டோம்.

என் ஃபிளாப்பியை அவள் பெட்டியில் போட்டதும், திரை எழுதட்டுமா என்று கேட்டு நின்றது. அவள் பிஸ்மில்லா சொல்லி நூலைப் பிடித்தாள்.

“பைய” என்றேன்.

ஒரு பக்கம் எழும்பியது. மறுபக்கம் பிடித்துக்கொண்டது. சில்லு சாய்ந்து நின்றது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் கால் பக்கத்துக் கம்பியில் உரசும். அவள் எழும்பிய பக்கத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, மறுபக்க நூலை மட்டும் மெல்ல இழுத்தாள். சில்லு வெளியே வந்தது. திரையைப் பார்த்தோம். அது அணையவில்லை. அதே கேள்வியைக் கேட்டபடி நின்றது.

இப்போது என் முறை. செத்த சில்லை எடுத்தேன். அதில் ஒரு கால் வளைந்திருந்தது, கழற்றும்போது வளைந்திருக்க வேண்டும். ஊசி கேட்டு வாங்கி, சில்லே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வளைந்த காலை நிமிர்த்தினேன். ஒடிந்தால் அதோடு சரி. நிமிர்ந்தது. திசை காட்டச் சில்லின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பள்ளம் எந்தப் பக்கம் என்று நான் பார்த்தேன், அவளையும் பார்க்கச் சொன்னேன். அவள் தலையசைத்தாள். கட்டைவிரலால் அழுத்தினேன். ஒரு சின்ன நறுக் சத்தம். திரை நின்றது.

ஒய்யைத் தட்டினேன். வெள்ளைக் கட்டங்கள் வந்தன. காலையில் எங்கே நின்றதோ அந்த இடம் வந்தபோது அவள் என் கையைப் பிடித்தாள். அல்லது நான் அவள் கையைப் பிடித்தேனோ. அந்த இடம் தாண்டியது. வரிசை முழுவதும் நிரம்பியது. முடிந்தது என்று திரை சொன்னது.

முதலில் அவள் சில்லை அவள் பெட்டியில் மாட்டினோம். பீப். அதற்குப் பிறகுதான் என்னுடையது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பீப். தேதியை மாற்றிப் பார்த்தேன், 2000 என்று காட்டியது. அதற்காகத்தான் இத்தனையும் தொடங்கியது என்பதே மறந்து போயிருந்தது.

“மாமா, ஓடுது” என்று கத்தினேன்.

மாமா மீட்டர் பெட்டியை விட்டு அசையவில்லை. “முடிஞ்சிட்டா? நான் நவுரலாமா?” என்று அங்கிருந்தே கேட்டார். அவர் சட்டை முதுகு முழுக்க நனைந்து சுவரோடு ஒட்டியிருந்தது. காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அத்தை முன்னறையில், கம்ப்யூட்டர் இல்லாத அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாமா கால் கழுவக் கொல்லைக்குப் போய்விட்டார். பெட்டியை மேசையில் வைக்கப் போனேன். அங்கே ஒரு கைக்குட்டை முடிச்சு இருந்தது.

“ஓடுதா?” என்றாள்.

“ஓடுது அத்தே.”

“மோட்டாரு போட்டதுலதான் செத்துச்சுன்னு பொய் சொன்னியே. நான் பம்படியில நிக்கேன், அடுப்படி லைட்டு அணைஞ்சு எரிஞ்சுது. அந்த மனுசன் குமிழத் திருகுனாரு. எனக்குத் தெரியாதா?” என்றாள். கைக்குட்டையை அவிழ்த்தாள். உள்ளே அவள் சங்கிலி. அவள் கழுத்தை அப்போதுதான் பார்த்தேன். தாலி, என்னுடையதைப்போல மஞ்சள் கயிற்றில் கிடந்தது.

“செத்துட்டுன்னு வந்தா இதை வித்து வேற வாங்கிக்கன்னு எடுத்து வச்சேன். அவரு செஞ்ச காரியத்துக்கு நீ ஏன் வேலையை விடணும்? ஓடுதுல்லா, அப்ப சரி. தாலியக் கோத்து மாட்டி விடு.”

கோத்துக் கொடுத்துவிட்டு அவள் பின்னால் போய் நின்றேன். கரண்ட் ஓடும் போர்டின் முன்னால் நடுங்காத விரல்கள் அப்போது நடுங்கத் தொடங்கின. கொக்கியும் வளையமும் ஒன்றுக்கொன்று எட்டவேயில்லை. கண் மறைத்தது.

அத்தை கொஞ்ச நேரம் குனிந்தபடி பொறுத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

“என்னத்தளா கம்ப்யூட்டரு படிச்ச? ஒரு கொக்கி மாட்டத் தெரியல.”